சிவப்புக் கோட்டுக்கு அஞ்சாத இனம்

தமிழ்நாட்டில் எந்த ஊர் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் கற்றுத்தரும் வித்தை ஒன்றுதான்: வேர்டைத் திறந்ததும் பிழைதிருத்தியை அணைத்துவிடு. காரணம் இல்லாமல் இல்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டி மேடையேற்றிய காலம் அது. கணினி அதை ஆங்கிலம் என்றே நம்பி, இப்படி ஒரு சொல் உலகத்திலேயே கிடையாதே என்று பதறி, பக்கம் முழுக்கச் சிவப்பு நெளிகோடாகப் போட்டுத் தள்ளும். கண் எரிந்தது. அணைத்துவிட்டோம்.

அப்புறம் ஒருங்குறி (யூனிகோடு) வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணை போட்டது. ஆக, உள்ளே இருப்பது தமிழ்தான் என்று கணினிக்கு ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தது? கோடு போடுவதையே நிறுத்திக்கொண்டது. பெரும்பாலான கணினிகளில் தமிழுக்கான அகராதியை யாரும் நிறுவியிருப்பதில்லை. தெரியாத மொழியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற நாகரிகம் மென்பொருளுக்கு உண்டு. நம் மேடைகளுக்குத்தான் அது கிடையாது. அன்றைக்கு எல்லாமே பிழை, இன்றைக்கு எதுவுமே பிழையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடியாவது அந்தப் பெட்டி தமிழை வாசித்ததா என்று யாரும் கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேருக்குத் தாய்மொழி. ‘கல்தோன்றி மண்தோன்றா’ என்று தொடங்கினால் மூச்சு வாங்காமல் முடிக்கத் தெரிந்தவர்கள். அந்த வரியில் ஒற்று எங்கே வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலக்காரன் கதையைக் கேட்டால் வயிறு எரியும். 1970களின் இறுதியிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரியும் நீனா மெக்டொனால்டும் ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற மென்பொருள் தொகுதியில் இறங்கிவிட்டார்கள். உன் வாக்கியங்கள் சராசரியாக எவ்வளவு நீளம், செயப்பாட்டுவினை எத்தனை விழுக்காடு, தேய்ந்துபோன சொற்றொடர்கள் எங்கெங்கே என்று எழுதியவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் கருவி. 1997 பதிப்பு வேர்டில் இலக்கணத்துக்கென்று பச்சை நெளிகோடு வந்தது. அது ஒன்றும் மேதை இல்லை. 2005இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சந்தீப் கிருஷ்ணமூர்த்தி, வேண்டுமென்றே கந்தரகோலமான ஆங்கிலத்தில் பத்திகள் எழுதி அதனிடம் கொடுத்துப் பார்த்தார். வேர்டு அவற்றைப் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டது. நாடெங்கும் சிரித்தார்கள், திட்டினார்கள், இதற்கா காசு கொடுத்தோம் என்று கேட்டார்கள். கருவி மோசம் என்று சண்டை போட முதலில் ஒரு கருவி வேண்டும். அந்தச் சண்டைக்கே நமக்கு இன்னும் கொடுப்பினை இல்லை.

இல்லவே இல்லை என்றால் பொய். தேடிப் போய் நிறுவிக்கொண்டால் வேர்டுக்கும் லிப்ரே ஆஃபிஸுக்கும் தமிழ்ச் சொல் அகராதி கிடைக்கத்தான் செய்கிறது. நிறுவிய பிறகு ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகத்தானே’ என்று ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். பச்சைக் குழந்தையும் புரிந்துகொள்ளும் தமிழ். பட்டியலில் அது இல்லை, ஆகவே பிழை, ஆகவே சிவப்பு. ஒரே வினையடியிலிருந்து ஆயிரக்கணக்கில் வடிவம் பிறக்கும் மொழியைப் பட்டியல் போட்டுக் காப்பாற்றக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும்.

இதன் மறுபக்கம் இன்னும் அழகு. ‘வெல்ல நிவாரணப் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன’ என்று எழுதுங்கள். வெல்லம் அகராதியில் இருக்கிறது, நிவாரணமும் இருக்கிறது. பெட்டிக்கு முழுத் திருப்தி. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு மண்டை வெல்லம் வரப்போகிறது. ‘மக்கள் குரை தீர்க்கும் நாள்’ என்றும் எழுதலாம். அதுவும் சரியான சொல்தான், நாய்கள் சாட்சி. யோசித்தால், மனு கொடுக்க வருகிறவர்களை அலுவலகம் பார்க்கும் பார்வைக்கு அதுவே பொருத்தமாகக்கூட இருக்கலாம். ‘அரசுப் பல்லி’யில் பிள்ளைகளைச் சேர்க்கலாம், ‘ஆற்றின் கறை’யைப் பலப்படுத்தலாம், ‘பனி நிரந்தரம்’ கேட்டுப் போராடலாம். அக்கம்பக்கத்துச் சொல்லைப் பார்த்து, இங்கே வரவேண்டியது எந்த ர, எந்த ல என்று சொல்லத் தெரியாத திருத்திக்குப் பெயர் திருத்தியா?

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியாத பிழையும் ஒன்று உண்டு. ‘மௌனம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறியின் வால் பார்ப்பதற்கு ‘ள’ போலவே இருக்கும். நம்மில் பாதிப்பேர் ‘மெ’ அடித்து, பக்கத்தில் நிஜமான ளகரத்தையே அடித்து வைக்கிறோம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது ‘மெ-ள-னம்’. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறிப்போகும், பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை எதையோ போல் உளறும். மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் எந்திரக் கண்ணுக்கு மட்டும் தெரியும் பிழை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நிரல் எழுதினால் பிடித்துவிடலாம். ஆனால் ‘கெளரவ’ அழைப்பாளர் என்று ளகரத்தோடு அச்சடித்த அழைப்பிதழ்கள் கணித்தமிழ் விழாக்களுக்கே வருகின்றன.

சந்திக்கு வருவோம். ‘வேலை கொடு’ என்று பதாகை பிடிக்கிற இளைஞன் கேட்பது பிழைப்பு. நடுவில் ஒரு ‘க்’ நுழைந்து ‘வேலைக் கொடு’ என்றாகிவிட்டால் அவன் கேட்பது முருகன் கையிலிருக்கும் ஆயுதம். ‘நடுக்காடு’ என்பதில் ஒற்று மிகும். ‘சுடுகாடு’ வினைத்தொகை, மிகாது. காதுக்கு இரண்டும் ஒரே தாளம். ஆகவே ஒலியை மட்டும் கணக்கிட்டால் போதாது, இரண்டு சொற்களுக்கும் நடுவில் என்ன உறவு என்று எந்திரத்துக்குத் தெரிய வேண்டும். உறவுக்கான விதியைப் பவணந்தி 13ஆம் நூற்றாண்டிலேயே உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல் என்று வகுத்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு முன்பே தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். நிரலாளன் கனவு காணும் ஆவணம் அது: விதி, விதிவிலக்கு, விலக்குக்கும் விலக்கு. இனிச் செய்ய வேண்டியது, இன்றைய தமிழ்ப் பனுவல்களைச் சேர்த்து, எது பெயர், எது வினை, எது தொகை என்று சொல்லுக்குச் சொல் அடையாளமிட்டு எந்திரத்திடம் கொடுப்பது. தமிழ் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்துவிட்டுத் துணிக்கடையில் பில் போடுகிற பிள்ளைகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து மாதச் சம்பளம் கொடுத்தால் முடிகிற காரியம். முடியாது. சம்பளத்துக்கு நிதிநிலை அறிக்கையில் தலைப்பு இல்லை. சிலைக்குத் தலைப்பு இருக்கிறது.

ஒட்டுநிலை மொழி ஐயா, அதனால்தான் கஷ்டம் என்று ஒரு குரல் எப்போதும் வரும். ஃபின்னிஷ் ஒட்டுநிலை மொழிதான். ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம், சென்னைப் பெருநகரைவிடக் குறைவு. அங்கே 1983இலேயே கிம்மோ கோஸ்கென்னியெமி என்ற ஹெல்சிங்கி ஆய்வாளர், இப்படி நீளும் சொற்களைக் கணினி பிரித்துப் படிப்பதற்கான முறையை முனைவர் ஆய்வேடாகக் கொடுத்தார். உலகமே அதை எடுத்துக்கொண்டது. ஹங்கேரி ஒரு கோடியைத் தொடாத நாடு. அதன் மொழியும் நம்மைப் போல் வால் மேல் வால் சேர்ப்பதுதான். ஆங்கிலத்துக்குச் செய்த திருத்தி தன் மொழிக்குப் போதவில்லை என்று கண்ட லாஸ்லோ நேமத் அதையே விரித்து ஹன்ஸ்பெல் செய்தார். இன்றைக்கு லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது அது. லிப்ரே ஆஃபிஸில் தமிழ் அகராதி என்று நாம் போட்டுக்கொள்கிறோமே, அது நிற்பதும் அந்த ஹங்கேரிய எந்திரத்தின் தோள் மேல்தான். பத்து லட்சம் பேர்கூடச் சரளமாகப் பேசாத பாஸ்க் மொழிக்கு 1990களிலிருந்து ஷுஷென் என்ற திருத்தி இருக்கிறது. இந்த மொழிக்காரர்கள் யாரும் தங்கள் மொழி குரங்கோடு பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில்லை. நேரம் மிச்சமாகியிருக்கும்.

நாம் நேரத்தை எங்கே செலவிட்டோம்? 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு. 1999இல் சென்னையில். 2000இல் மறுபடி சிங்கப்பூர், 2001இல் கோலாலம்பூர், 2003இல் மீண்டும் சென்னை. 2010இல் கோவை, 2024இல் சென்னையில் கணித்தமிழ் மாநாடு. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்: 1999 மாநாட்டிலிருந்துதான் தமிழ்99 விசைப்பலகை வந்தது, உருப்படியான காரியம். ஆனால் அதற்குப் பிறகும் கட்டுரை வாசிக்க வருகிறவர் ‘தமிழுக்கு இலக்கணத் திருத்தி: தேவையும் சவால்களும்’ என்ற வகையிலேயே தலைப்பு வைத்துக்கொண்டிருக்கிறார். தேவை தீரவே தீராது, சவால்களும் குறையாது, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும். மலரில் அந்தக் கட்டுரை அச்சாகும்போது அதில் இருக்கும் சந்திப்பிழைகளை எண்ணினாலே தேவை விளங்கிவிடும், கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை.

உண்மையில் வேலை செய்தவர்கள் தனி ஆட்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்மொழித் துறையில் இருந்த ந. தெய்வ சுந்தரம் மென்தமிழ் என்ற சொல்லாளர் மென்பொருளை ஆக்கினார். சந்தி பார்க்கும் வசதி அதிலேயே உண்டு. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் ஒருவர் நாவி என்ற சந்திப்பிழை திருத்தியையும் வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியையும் தந்தார். 2003இல் ஜெர்மனியில் ஒரு மாணவர் தன் பட்ட ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய லாங்குவேஜ்டூல் என்ற திருத்தியில் தமிழுக்கும் சில விதிகள் இருக்கின்றன, அதுவும் ஆர்வலர் கைவேலை. இவர்களுக்கு நாம் செய்த மரியாதை சால்வை. சால்வை போர்த்தினால் இணைய வழங்கிக்கு வாடகை கட்டிவிடலாமா, அடுத்த பதிப்பு வேர்டுக்கு ஏற்றபடி நிரலை மாற்றிவிடலாமா? ஒரு மனிதருக்கு வேலை மாறினால், உடம்பு முடியாமல் போனால், தமிழின் இலக்கணத் திருத்தியும் அவரோடு படுத்துக்கொள்ளும் என்ற நிலைமையை வைத்துக்கொண்டுதான் ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று மார்தட்டுகிறோம்.

பொதுப்பணத்தில் செய்ததாவது பொதுவில் இருக்க வேண்டாமா? தொகுத்த சொற்பட்டியலை, அடையாளமிட்ட பனுவலை, நிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்து மேம்படுத்தும்படி உரிமம் கொடுத்து வெளியிட ஒரு கையெழுத்து போதும். எத்தனை பல்கலைக்கழக அலமாரிகளில், எத்தனை நிதிநல்கைத் திட்டங்களின் இறுதி அறிக்கையோடு சேர்த்துக் கட்டி, குறுந்தகடாக அவை உறங்குகின்றன! இப்போது வரும் கணினியில் குறுந்தகடு போடும் வாயே கிடையாது. ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

அரசாங்கத்தைத் திட்டினால் கைதட்டுவீர்கள் என்று தெரியும். உங்களிடமும் வருகிறேன். தமிழ் மென்பொருளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் தாய்மொழியை விற்கலாமா என்று கொதித்தவர் யார்? அதே வாரம் கைப்பேசிக்கு உறை மாற்ற ஆயிரம் கொடுத்தவர் யார்? பதிப்பகங்களைப் பாருங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்கு அட்டை மினுமினுக்க வேண்டும், மெய்ப்பு பார்ப்பவருக்குப் பக்கத்துக்குச் சில ரூபாய் கொடுக்க மனம் வராது, எழுத்தாளரே பார்த்துவிட்டார் என்பார்கள். எழுத்தாளரோ பதிப்பாளர் பார்ப்பார் என்று விட்டிருப்பார். செய்தித் தொலைக்காட்சியில் அடியில் ஓடும் எழுத்துக்கு மெய்ப்பு என்ற சொல்லே தெரியாது. அது ஓடுவதே யாராவது பிடித்துத் திருத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான். பண்டிதர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா என்ற போரில் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் போர் நடக்கிறது. இரண்டையும் விருப்பத் தேர்வாக வைத்துவிட்டு மேலே போகலாம் என்பது மென்பொருள்காரனுக்குத் தோன்றும், தமிழறிஞருக்குத் தோன்றினால் அவர் எதிரணிக்குப் போய்விட்டார் என்று பொருள்.

இப்போது புதிதாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது: அதான் ஏ.ஐ. வந்துவிட்டதே! சாட்ஜிபிடியிடம் ஒரு பத்தியைக் கொடுத்து ஒற்றுப்பிழையை மட்டும் பார் என்று சொல்லிப் பாருங்கள். ஒற்றை விட்டுவிட்டு உங்கள் வாக்கியத்தையே கழற்றி, மினுக்கி, ‘இது ஒரு முக்கியமான பங்கு வகிக்கிறது’ என்று வேறொருவர் எழுதியது போல் திருப்பித் தரும். எந்த விதிப்படி எதை மாற்றினாய் என்று கேட்டால் இல்லாத நூற்பாவையும் பணிவோடு சொல்லும். அது கற்றுக்கொண்டதும் நாம் பிழைதிருத்தியை அணைத்துவிட்டு எழுதிக் குவித்த தமிழிலிருந்துதான். வேறு எப்படி இருக்கும்? போதாததற்கு அலுவலகக் கோப்பின் வரைவை நாடு விட்டு நாடு அனுப்பித்தான் ‘க்’ வருமா என்று கேட்டறிய வேண்டும். கணினிக்குள்ளேயே, இணையம் இல்லாமல், கிராம நிர்வாக அலுவலர் தட்டும் சான்றிதழிலும் ஓடுகிற சின்னக் கருவியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனையும் சொன்ன பிறகு எனக்கு ஒரு சந்தேகம். இது அலட்சியம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம், தற்காப்பாக இருந்தால்? எழுத்துப்பிழை, சந்தியெல்லாம் தாண்டி நடையையும் பார்க்கும் திருத்தி ஒன்று தமிழுக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையைக் கண்டால் நெளிகோடு போட்டதே, அதுபோல ‘படு’ என்ற துணைவினை வரும் இடத்திலெல்லாம் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும் என்றும் வைத்துக்கொள்வோம்: யாரால்? ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். அன்றிலிருந்து இன்றுவரை கோட்டையில் எழுதிய தமிழ் முழுவதும் ‘படு’வின் மேல்தான் படுத்திருக்கிறது. நிலம் கையகப்படுத்தப்பட்டது, மனு நிராகரிக்கப்பட்டது, தடியடி நடத்தப்பட்டது, துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. செய்தவர் எவருமில்லை, வினை மட்டும் தானாக நடந்திருக்கிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் எந்திரத்துக்கு எந்த அமைச்சரவை நிதி ஒதுக்கும்?

ஆனாலும் கேட்டு வைப்போம் என்று யாராவது மனு போடுகிறார் என்று கற்பனை செய்கிறேன். பதில் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பதிலை, இன்னும் பிறக்காத அந்தத் திருத்தியிடமே கொடுத்தால், அடைப்புக்குறிக்குள் இருப்பது அதன் குறிப்பு:

பொருள்: தமிழ் இலக்கண, நடைத் திருத்தி – கோருதல் – தொடர்பாக.

பார்வையில் காணும் தங்கள் மனுவின் மீது தெரிவிக்கப்படுவதாவது (யாரால்?), மேற்படி பொருள் குறித்து ஏற்கெனவே குழு அமைக்கப்பட்டு (யாரால்?), அதன் அறிக்கை பெறப்பட்டு (யாரால்? எந்த ஆண்டு?), அது ஆய்வில் இருந்து வருவதால் (‘அது’ எது? குழுவா, அறிக்கையா?), உரிய (எது?) நடவடிக்கை விரைவில் (என்றைக்கு?) மேற்கொள்ளப்படும் (யாரால்?) என்ற விவரம் இதன்வழித் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது (தொடக்கத்திலேயே தெரிவித்தாகிவிட்டது; அப்போதும் கேட்டேன், யாரால்?).

ஒப்பம்/-
செயலருக்காக (செயலர் எங்கே?)